துண்டுக்குள் சொன்ன அணா

அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார். பின்சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போடும். ஊர் முனையில் அது கேட்டதுமே எங்கள் தெருவில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். ஒருத்தி வாசலில் காய்கிற கிழிந்த சேலையை உருவி உள்ளே எறிவாள். இன்னொருத்தி அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவாள். நான் கூரையைப் பார்ப்பேன், எங்கேயாவது ஓலை சரிந்திருக்கிறதா என்று. கடன் கொடுத்தவன் வந்தால் பயப்படுவது எல்லா ஊரிலும் உண்டு. இவர் யாருக்கும் பத்து காசு கடன் கொடுத்தவர் இல்லை. ஆனாலும் நாங்கள் இவருக்குத்தான் பயந்தோம்.

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த நிலக்கடலை மண்டியில் அவர் தரகர். காய் வாங்குவதும் விற்பதும் அவர் வேலை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவரைத் தரகர் என்று சொன்னதில்லை. அணாக்காரர் என்றுதான் பெயர். நயா பைசா வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மற்ற எதற்கும் அணாக் கணக்கு பார்ப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு மட்டும் அவர் விடவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா. நாணயத்தில் முழு ஆள் என்றால் பதினாறணா. பாதி நம்பலாம் என்றால் எட்டணா. நாலணாவுக்குக் கீழே போனவனுக்கு உப்புக்கடைகூடக் கடன் கொடுக்காது.

மண்டி முதலாளி பணம் கொடுப்பதற்கு முன் அவரைத்தான் கேட்பார். உரக்கடைக்காரர் கேட்பார். பெண் கொடுப்பவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் வாயைத் திறந்து ஒரு எண் சொன்னதை யாரும் கேட்டதில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த வழக்கத்தை அவர் மனுஷனுக்குக் கொண்டுவந்துவிட்டார். கடன் கேட்பவன் எதிரே நிற்பான். இவர் தோளில் கிடக்கும் ஈரிழைத் துண்டை எடுத்து முதலாளியின் கைமேல் போடுவார். தன் கையையும் உள்ளே விடுவார். துண்டு கொஞ்சம் அசையும். அவ்வளவுதான். முதலாளி கையை வெளியே எடுத்து, “சரி, குடுக்கறேன்” என்பார். இல்லையென்றால், “அடுத்த மாசம் பாப்போம்” என்பார். உன் மதிப்பை உன் கண்ணெதிரே சொல்லி முடித்துவிட்டார்கள். உனக்கு மட்டும் தெரியாது.

கடைவீதியில் ஒரு தையல்கார பாய் இருந்தார். நல்ல மனுஷர். இன்னொரு மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனார். துண்டு அசைந்தது. அடுத்த மாசம் பார்ப்போம் என்று பதில் வந்தது. பாய் விடவில்லை. அணாக்காரரை மடக்கிக் கேட்டுவிட்டார். நான் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

“ஏங்க, எனக்கு எத்தன அணா போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“நான் வாயத் தெறந்தனா பாய்?”

“தெறக்கலீங்க. துண்டுக்குள்ள…”

“துண்டுக்குள்ள கை வேர்த்துச்சு. தொடச்சிக்கிட்டேன்.”

சிரிக்காமல் சொன்னார். பாயின் முகம் தொங்கிப்போயிற்று. எதற்காக அணா இறங்கியது என்று அவர் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், தினம் இரண்டு டீ குடித்ததைத்தான் அணாக்காரர் பார்த்திருக்க வேண்டும் என்று தானாகவே முடிவு கட்டி ஒன்றை நிறுத்தினார். பாய் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டு மளிகைக் கடைக்காரர் நிறுத்தினார். ஒரு மாதத்தில் கடைவீதியில் சாயங்காலம் டீ குடிப்பவர்களே இல்லை. பாவம், டீக்கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது, அவருடைய அணாவும் அதில் இறங்கியிருக்கும். இதையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அணாக்காரரைக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் ஒரு வெற்றிலை வாங்கித் தின்றதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறை அவருக்கென்று ஒரு கோழியைக் கொண்டுபோனாள். அன்றைய சந்தை விலையைக் கேட்டு எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் கோழியைக் கையில் வாங்கினார். அவள் திரும்பி வந்து அழுத அழுகை இருக்கிறதே! “கோழி குடுக்கற அளவுக்கு இவளுக்கு என்னா அவசரம்னு நெனச்சிருப்பாருடி. போச்சு, ரெண்டணா போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். போயிற்றா இல்லையா என்று அவளுக்கும் கடைசிவரை தெரியாது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். மொரப்பூரிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடு. வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டினால் பிழைத்தோம், இல்லாவிட்டால் பெங்களூருக்குக் கல் உடைக்கப் போக வேண்டும் என்ற நிலை. மண்டி முதலாளி கிணற்றுக்கு ஆயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். அதையும் இரண்டு தவணையாக. முதல் ஐந்நூறுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. முப்பதடி போனால் இரண்டாவது ஐந்நூறு. அப்போது மறுபடியும் துண்டு போட்டுப் பார்ப்பார்கள்.

இருபதடியில் பாறை வந்துவிட்டது. வெடி வைத்து உடைத்தார்கள். கூலியை மிச்சம் பிடிக்க என் வீட்டுக்காரரும் உள்ளே இறங்கிக் கல் அள்ளினார். தை மாதம் இருமல் ஆரம்பித்தது. கல்தூசி என்று நினைத்தோம். பங்குனியில் சளியோடு ரத்தம் வந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எந்தப் பயம் தெரியுமா? அவர் செத்துப்போவாரோ என்ற பயம் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அணாக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரரும் அதைத்தான் நினைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டே, “யாருகிட்டயும் மூச்சு வுடாத. கெணறு முடியட்டும்” என்றார். முக்கால் கிணற்றோடு பணம் நின்றால் நிலமும் போகும், வாங்கிய ஐந்நூறுக்கு வட்டியும் ஏறும், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? நோயாளி வீட்டுக்கு யார் அணா போடுவார்கள்?

அன்றிலிருந்து நான் சாம்பல் அள்ளிக்கொண்டே இருந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவர் துப்பும் இடத்தில் சாம்பலைப் போட்டு மூடுவேன். டிக் டிக் சத்தம் கேட்டால் அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு வாசலில் உரலுக்கு ஓடுவேன். உலக்கையை எடுத்து ஓங்கி ஓங்கி இடிப்பேன். உள்ளே இருமுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது. உரலில் சாமை இருந்தால் சாமை, இல்லாவிட்டால் வெறும் உரல். வெறும் உரலை இடிப்பது வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆகாததெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது, இனி என்ன என்று இடித்தேன்.

ஒரு நாள் காலையில் அணாக்காரர் எங்கள் வாசலில் நின்றுவிட்டார். இடிப்பதை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் இருமல் கேட்கும்.

“என்னாம்மா, நானும் பாக்கறேன், நெதமும் இடிக்கற. வூட்டுல விருந்தாளியா?”

“ஆமாங்க. எங்க அண்ணன் வந்திருக்குதுங்க.”

“வூட்டுக்காரரு?”

“கெணத்துல இருக்குறாருங்க.”

அவர் உரலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சத்தம் அடங்கும் வரை இடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து உலக்கையெல்லாம் ஈரம். தப்பித்துவிட்டோம் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

ஆடி மாதம் வந்தபோது என் வீட்டுக்காரரால் பத்தடி நடக்க முடியவில்லை. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும் என்று அழுது சம்மதிக்க வைத்தேன். ரயில் ஏற மொரப்பூர் போக வேண்டும். நிலையத்துக்கு எதிரே மண்டி. அத்தனை கண்ணையும் தாண்டி எப்படிப் போவது? கல்யாணத்துக்குப் போவதுபோலப் போகலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். என் கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். தலை நிறையக் கனகாம்பரம். அவருக்குத் தையல்கார பாயிடம் ஒரு மஞ்சள் சில்க் சட்டை இரவல் வாங்கி வந்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இன்னொரு சட்டையைப் போட்டு ஆளைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். கையில் தேங்காய் பழம் வைத்த மஞ்சள் பை.

பிளாட்பாரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு அணாக்காரர் நின்றிருந்தார்.

“அடேயப்பா, புருசனும் பொண்டாட்டியும் ஜோரா கெளம்பிட்டீங்க. எங்க?”

“சேலத்துக்குங்க. எங்க சின்னம்மா பொண்ணுக்குக் கல்யாணங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஆடி மாதம்! எங்கள் பக்கத்தில் ஆடியில் எவன் தாலி கட்டுவான்? சட்டை, பூ, தேங்காய் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு மாதம் ஞாபகம் வரவில்லை. என் வீட்டுக்காரர் இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் கோத்து நின்றார். அணாக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காதுகுத்தா இருக்கும். நீ மாத்திச் சொல்ற” என்றார்.

“ஆமாங்க… காதுகுத்துதாங்க.”

“போய்ட்டு வாங்க. வெயில் ஏறுது” என்று தன் குடையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன், நம் பேச்சை நம்பிவிட்டாரே என்று ரயிலில் நாங்கள் பேசிக்கொண்டே போனோம்.

சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். ஒரு பக்க நுரையீரல் போய்விட்டது, இன்றைக்கே சேர்த்துவிடு, ஆறு மாதமாவது இங்கே இருக்க வேண்டும், இனியும் தள்ளினால் என் பொறுப்பில்லை என்றார். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். “ஆவணியில தவண. ஆறு மாசம் ஆளக் காணோம்னா அந்தாளு கண்டுபுடிச்சிருவாரு. பணம் வரட்டும், அப்புறம் வந்து படுத்துக்கறேன்” என்றார். நான் இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம். அவர் காலைப் பிடித்திருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள் அந்தத் துண்டுதான் அசைந்துகொண்டிருந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு, பூ வாடாமல் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, அன்றைக்கே திரும்பினோம்.

ஆவணியில் கிணறு முப்பதடி தொட்டதும் மண்டிக்குப் போனோம். அவர் நேராக நிற்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். துண்டு விழுந்தது. உள்ளே கை அசைந்தது. வழக்கத்தைவிட நீளமாக அசைந்ததாக எனக்குத் தோன்றியது. முதலாளி கையை எடுத்துவிட்டு அணாக்காரர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, “இந்த ஐந்நூறுக்கு ஒன்றரை வட்டி போதும்” என்றார்.

நூற்றுக்கு அரை ரூபாய் குறைந்துவிட்டது! நாங்கள் மறைத்தது வீண்போகவில்லை என்று வரும் வழியில் பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை வாங்கினோம். என் வீட்டுக்காரர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் கிணற்றில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அப்போது அவருக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை. தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டார். அணாக்காரர் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். எல்லோருக்கும் பின்னால் நின்றார். போகும்போது கிணற்று மேட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி நல்லா இருக்குதும்மா. பட்டத்துல கடலக்கா போட்டுடு” என்றார். அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்திவிட்டு, “போட்டுடறேங்க” என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் அதிகமாக அழுதால் அணா இறங்குமோ என்று அப்போதும் பயந்தேன்.

சமீபத்தில் என் சின்ன மகளின் பெண் வீடு கட்டக் கடன் வாங்கினாள். கைபேசியை என்னிடம் நீட்டி ஒரு எண்ணைக் காட்டினாள். “இது எனக்கு வங்கிக்காரங்க போட்ட மார்க்கு பாட்டி. நல்ல மார்க். முன்னாடி மாதிரி இல்ல, நமக்கே காட்டிடறாங்க” என்றாள். எதை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். அது சரியாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு நாள்கூடத் தவணை தவறக் கூடாது, தவறினால் இறங்கிவிடும் என்றாள். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துபோனது.

அந்தக் கிணற்றுக் கடனை நான் ஆறு வருஷத்தில் கட்டினேன். ஒரு மாத வட்டி தவறவில்லை. சோறு தவறியிருக்கிறது, வட்டி தவறவில்லை. கடைசிப் பணத்தைக் கட்டியதும் முதலாளி புரோநோட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். வெளியே வந்தேன். அணாக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. இனி என்னிடம் இறங்குவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. அன்னைக்குத் துண்டுக்குள்ள எங்களுக்கு எத்தன அணாங்க சொன்னீங்க?”

கைக்கு வேர்த்தது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“மொதத் தடவ எட்டு. ரெண்டாந் தடவ பதினாலு.”

“பதினாலா! எப்படீங்க? எங்க வூட்டுக்காரரு நோவு உங்களுக்குத் தெரியாது, அதனாலயா?”

“தெரியாதா? பங்குனியிலயே தெரியும். விருந்தாளிக்கு இடிக்கறன்னு சொன்ன, உமி எங்கம்மா? தரையில ஒரு தூசி இல்ல. வெறும் ஒரல அந்த இடி இடிச்ச. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஒரே சாம்பல் மேடு. அப்புறம் ஆடியில கல்யாணம்னு வந்து நின்ன.”

“தெரிஞ்சுமாங்க ஏத்திச் சொன்னீங்க?”

“தெரிஞ்சதாலதான் ஏத்துனேன். கட்டுன புருசன் ரத்தம் கக்கறதக்கூட மறச்சிக்கிட்டு நிக்கற வூடு. அந்த வூட்டுல போட்ட பணம் எங்கம்மா போவும்? நல்லவங்கூட ஒரு நாளு ஏமாத்துவான். பயந்தவன் ஏமாத்த மாட்டான். நான் இத்தன வருசமும் அதத்தானே பாத்தேன்.”

வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“நாங்க நோவுன்னு சொல்லியிருந்தா… ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து சொல்லியிருந்தா, பணம் வந்திருக்காதுங்களா?”

“ஏன் வராது? கெணறு முக்கால்வாசி வந்துடுச்சு, நெலம் இருக்குது. எட்டுலயே நின்னிருக்கும். எட்டுக்கும் மொதலாளி குடுப்பாரு. அரை ரூவா வட்டி கொறச்சாரு பாரு, அது கொறஞ்சிருக்காது. அவ்ளோதான்.”

ஐந்நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டரை ரூபாய். நின்ற இடத்திலேயே கணக்கு வந்துவிட்டது, வேண்டாம் என்று நினைத்தும் வந்துவிட்டது. அவர் முகத்தில் குற்றம் செய்த களை எதுவும் இல்லை. எனக்கு ஒரு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“இப்போ உனக்குப் பதினாறு. முழு ரூவா. இந்த மண்டியில பொம்பளைக்குப் பதினாறு நான் போட்டதே இல்ல. எப்ப வேணும்னாலும் வா” என்றார்.

அந்த ஆளின் துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்திருக்க வேண்டும். ரயில் நிலையம் வரை கேட்கும்படி கத்தியிருக்க வேண்டும். உங்கள் பதினாறு எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பெரியவளுக்கு அடுத்த தையில் கல்யாணம் வைத்திருந்தோம்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.